ஏரி வியூ, மேட்டு மனை, நிரந்தர வாசம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தாம்பரத்தில் வேனில் ஏற்றினார்கள். மனை பார்க்கப் போகிறோம். வேன் இலவசம், மதியம் பிரியாணி இலவசம், போகிற வழியெல்லாம் அறிவுரை இலவசம். படப்பை தாண்டி, ஒரகடத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு, ஒரு செம்மண் பாதையில் இறங்கி வேன் நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல். நடுவே ஒரு ஆர்ச். ஆர்ச்சுக்குப் பின்னால் ஊர் இல்லை, ஆர்ச் மட்டும்தான்.

மனை விற்கிற தம்பி இறங்கியதும் ஆரம்பித்தார். "மேட்டு நிலம் சார். 2015 வெள்ளத்துல சென்னையே மிதந்துச்சு, இங்க ஒரு சொட்டு நிக்கல. கூப்பிடு தூரத்துல ஏரி. அடியில கெட்டி சரளை, வீடு உக்காராது. விவசாயம் பண்ண முடியாத பூமி, அதனால பிரச்சினையே கிடையாது. தலைமுறை தலைமுறையா இருக்கலாம்."

எனக்குக் கண் வேறு பக்கம் போய்விட்டது. கடைசி வரிசை மனைக்கல்லுக்கு அப்பால் வேறு கற்கள் இருந்தன. பெயின்ட் இல்லாதவை, யானைக்குட்டி படுத்திருப்பதுபோல் உருண்டையானவை, பாதி மண்ணுக்குள். எண்ணினால் இருபதுக்குக் கிட்ட வரும். எல்லாம் வட்டமாக, கைகோத்துக் கும்மியடிக்க நின்று, அப்படியே மறந்துபோன மாதிரி. நடுவில் கருங்கல் குவியல், சூரைப் புதர், ஒரு நுணா மரம்.

"அது என்ன?"

"சும்மா கல்லு சார். பழைய கல்லு. கண்டுக்காதீங்க."

கண்டுகொண்டேன். ஏனென்றால் தம்பி சொன்ன அத்தனை வசதியையும் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சரிபார்த்து, திருப்திப்பட்டு, குடியேறியும் விட்டார். மேடு, ஏரி, சரளை, உழவுக்கு ஆகாத பூமி. அவர் செத்துப்போயிருந்தார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பாரீஸ்காரர்களுக்கு இந்த வியாபாரம் 1804இல்தான் கைவந்தது. ஊருக்குள் இருந்த இடுகாடுகள் நிரம்பி நாறிப்போக, ஊருக்கு வெளியே ஒரு மேட்டில், மரமும் சரிவும் வளைந்த பாதையுமாகப் பேர் லாஷேஸ் என்று ஒரு தோட்ட இடுகாட்டைத் திறந்தார்கள். போணி ஆகவில்லை. அவ்வளவு தூரம் போய் யார் புதைவது? நிர்வாகம் மூளையைக் கசக்கியது. செத்து நூறு வருஷம் தாண்டிய நாடகாசிரியர் மோலியேரையும் கவிஞர் லா ஃபோந்தேனையும் பெயர்த்துக்கொண்டுவந்து வைத்தது. 1817இல் அபெலார், எலோயீஸ் என்ற அமரக் காதல் ஜோடியையும் கொண்டுவந்தது. "யார் யாரெல்லாம் வாங்கியிருக்காங்க பாருங்க சார்!" அவ்வளவுதான், கூட்டம் அள்ளியது. 1831இல் அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் மவுண்ட் ஆபர்ன் என்று ஒன்று தொடங்கினார்கள். அங்கே ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றிப்பார்க்கப் போனார்கள். பெரிய பொதுப் பூங்கா என்ற சங்கதி அங்கே ஊருக்குள் வருவதற்கு முன்பே பிணத்தோட்டம் வந்துவிட்டது.

நம்ம செங்கல்பட்டுச் சீமைக்காரருக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. பல்லாவரத்தில் ஆரம்பித்து, குன்றத்தூர்ப் பக்கம் புகுந்து, தெற்கே மதுராந்தகத்துக்கு அருகில் சாணூர் வரை, கல்வட்டம் கல்வட்டமாக வளைத்துப் போட்டுவிட்டார். சாணூரில் மட்டும் இருநூறுக்கும் மேல். மொத்தச் சீமையும் அன்றைக்கு அப்ரூவ்டு லேஅவுட்.

அவர் கட்டின விதத்தைக் கேளுங்கள். முதலில் கெட்டிச் சரளையில், செம்புராங்கல்லில், ஆழமாகக் குழி. உள்ளே சுட்ட மண்ணால் செய்த ஈமப்பேழை. பார்க்கத் தொட்டி மாதிரி இருக்கும், அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள். தொட்டிக்கு எதற்கு அத்தனை கால் என்று கேட்கக் கூடாது. இதே ஒரகடத்தில் இன்றைக்குப் பன்னிரண்டு சக்கர லாரி செய்கிறார்களே, அவர்களைக் கேட்கிறோமா? பாரம் ஏற ஏறக் கால் கூடும். பேழையைச் சுற்றிச் சோற்றுப் பானை, கிண்ணம், மூடி, பானை வைக்கப் பிரிமணை. பானைகள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உட்பக்கமும் வாய் விளிம்பும் கறுத்துவிடும், காற்றுப் பட்ட பக்கம் சிவந்துவிடும். கறுப்பு சிவப்பு இந்த மண்ணில் எவ்வளவு பழைய கூட்டணி என்று கட்சிக்காரர்கள் இன்னும் மேடையில் சொல்லாதது ஆச்சரியம்தான். சில பானைகளில் கீறல் குறி வேறு உண்டு. செய்தவர் குறியா, உடையவர் குறியா என்று அறிஞர்கள் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் எவனும் அதைப் பார்த்ததும் பார்ட் நம்பர் என்றுதான் சொல்வான்.

அப்புறம் இரும்பு. கத்தி, ஈட்டி, அம்பு முனை, அரிவாள், கோடரி. செத்தவருக்கு எதற்கு அரிவாள் என்றால், போகிற இடத்தில் என்ன வேலை காத்திருக்கிறதோ! சாணூரில் 1950இலும் 1952இலும் மத்தியத் தொல்லியல் துறையினர் தோண்டியபோது குதிரைக் கடிவாளத்து இரும்பும் கிடைத்தது. வாகன உதிரிபாகத் தொழில் இந்த வட்டாரத்துக்கு 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது வந்தது என்று நினைப்பவர்கள் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். வண்டி மட்டும் அன்றைக்கு நாலு காலில் கொள்ளு தின்றுகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் மண்ணால் மூடி, மேலே கல் குவித்து, சுற்றிலும் உருண்டைப் பாறைகளை வட்டமாக நட்டால் வேலை முடிந்தது. இதில் பெரிய வேடிக்கை, உள்ளே முழு ஆள் பெரும்பாலும் இருக்க மாட்டார். உடலை வேறெங்கோ போட்டுவைத்து, சதை போனபின் மிச்சமிருந்த நாலு எலும்பைப் பொறுக்கிக்கொண்டுவந்து வைப்பது வழக்கம். நாலு எலும்புக்கு இத்தனை டன் கல்லா? ஆமாம். உயிரோடிருந்தபோது அவர் சொன்ன பேச்சுக்கு எத்தனை பேர் கட்டுப்பட்டார்கள் என்பதைக் காட்டத்தான் கல். எலும்பு வெறும் சாக்கு. ஊரில் எல்லோருக்கும் இது கிடைத்திருக்காது. வட்டத்துக்குள் படுத்தவர் ஒருவர், பாறை உருட்டினவர்கள் நூறு பேர். உருட்டினவர்கள் எங்கே புதைந்தார்கள் என்று காட்ட ஒரு கூழாங்கல்கூட இல்லை.

அடுத்து வந்த தலைமுறைகளுக்கு இந்தக் கற்கள் புரியவில்லை. புரியாததற்குப் பெயர் வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம், ஆகவே 'பாண்டவர் குழி'. கல் பெட்டி சின்னதாக இருந்தால் குள்ளர்கள் கட்டிய வீடு. கல் பெரிதாக இருந்தால் வாலி கட்டியது. செத்தவரை வைக்கும் பெரிய பானையான தாழிக்குத் தனிக்கதை. அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயசாக ஆகச் சுருங்கிக்கொண்டே வருவார்களாம். கடைசியில் பூனைக்குட்டி அளவு ஆனதும், வீட்டில் இடைஞ்சல் என்று தாழிக்குள் வைத்து, கொஞ்சம் சோறும் ஒரு விளக்கும் போட்டு மூடிவிடுவார்களாம். அதுதான் முதுமக்கள் தாழி. முதியோர் இல்லம் மேற்கிலிருந்து வந்த சீரழிவு என்று பட்டிமன்றத்தில் பேசுகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டதில்லை போலும்.

மலபாரில் இதே குழிகளைப் பார்த்து எழுதிய வெள்ளைக்காரர் பாபிங்டன், 1823இல் அச்சான தன் கட்டுரைக்கு வைத்த பெயர் 'பாண்டூ கூலீஸ்'. குழியைத்தான் கூலி ஆக்கியிருக்கிறார். பாண்டவர்கள் கூலிக்குப் போனார்களோ என்று லண்டனில் யாராவது நிச்சயம் குழம்பியிருப்பார்கள். பாறை உருட்டின நூறு பேரை நினைத்தால், எழுத்துப்பிழைதான் சரியான பெயர்.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இதில் இன்னும் கிட்டத்து உறவு. ஊரின் பழம்பெயர் பூதபுரி. சிவபெருமான் ஆடியபோது பூதகணங்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சிரித்துவிட்டன. தலைவர் ஆடும்போது சிரித்தால் என்ன ஆகும்? கைலாயத்திலிருந்து நேரே பணிநீக்கம், விசாரணை கிடையாது. பூதங்கள் இங்கே வந்து தவம் கிடக்க, பெருமாள் மனமிரங்கிச் சாபம் நீக்கினார். நன்றிக்கு அவை ஊர் அமைத்துக் கொடுத்தன என்கிறது தலபுராணம். 1017இல் ராமானுஜர் பிறக்கும் முன்பே ஊர் பூதங்களுடையது. வேலை போனவர்கள் வெளியூரிலிருந்து வந்து இங்கே கட்டுமானத் தொழிலில் சேர்வது அன்றே தொடங்கிய மரபு. இன்றைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் சாபமும் பெறவில்லை, சிரிக்கவும் இல்லை. ஆனாலும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

தோட்ட இடுகாடு என்றால் என்ன என்பதைத் தமிழில் நின்று நிதானமாகச் சொன்னது மணிமேகலை. புகாரில் உவவனம் என்னும் பூஞ்சோலைக்குப் பக்கத்திலேயே சக்கரவாளக் கோட்டம். மதில் உண்டு, வாயில்கள் உண்டு, காவல் பூதங்கள் உண்டு, மரங்களும் மன்றங்களும் கோயிலும் உண்டு. அண்டத்தின் மாதிரியையே மயன் அங்கே செய்துவைத்தானாம். ஊர்க்காரர்களோ ஒரே சொல்லில் சுடுகாட்டுக் கோட்டம் என்றார்கள். எவ்வளவு பெரிய பெயர்ப் பலகை மாட்டினாலும் ஆட்டோக்காரர் ஒரு பெயர் வைத்திருப்பாரே, அது மாதிரி. எரிப்பது, அப்படியே போடுவது, குழி தோண்டிப் புதைப்பது, கல்லறைப் பள்ளத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து வகைத் திட்டங்கள் அங்கே. வாடிக்கையாளர் விருப்பம். சார்ங்கலன் என்கிற பையன் இராத்திரி தனியாக உள்ளே போய், பேய் ஆடுவதைப் பார்த்துப் பயந்தே செத்தான். சுற்றுலாப் பயணிகளுக்கு அறிவிப்புப் பலகை வைக்காததன் விளைவு.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டு ஜாகிர் கைமாற, 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்கிற பொறியாளர் ஊர் ஊராக அளந்தார். ஏரி, வயல், வீடு, மானியம் எல்லாம் ஏட்டில் ஏறின. அப்புறம் வந்த வருவாய்த் துறைக்கு உலகில் இரண்டே வகை நிலம். வரி வருவது, வராதது. செத்தவர்கள் வரி கட்டுவதில்லை. கல்வட்டம் கிடந்த மேடுகள் தரிசு, புறம்போக்கு, மேய்க்கால் என்று பதிவாயின. பெரிய அவமானம்தான். ஆனால் அதுவே காப்பாகவும் ஆயிற்று. ஏரிக்குக் கீழே நஞ்சை, கரையோரம் ஊர், ஏரிக்கு மேலே தண்ணீர் வழிந்து இறங்கும் சரளை மேட்டில் செத்தவர்கள். இந்த வரிசையைக் கல்வட்டம் கட்டியவர்கள் போட்டார்கள், ஏட்டுக்காரர்கள் தெரியாமலே காப்பாற்றினார்கள். யாரும் உழவில்லை, யாரும் வீடு கட்டவில்லை. களாவும் காரையும் சூரையும் ஈச்சையும் தாமாக முளைத்தன. விதை போட்டது பறவை, நீர் பாய்ச்சியது ஐப்பசி. தோட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது.

1863 மே 30. கத்திரி முடிந்தும் முடியாத வெயிலில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற புவியியலாளர் பல்லாவரத்தில் சரளை எடுத்த ஒரு பள்ளத்தில் குனிந்தார். கையில் வந்தது பழைய கற்காலக் கோடரி. இந்தியத் தொல்வரலாற்றின் முதல் பக்கம் ஒரு ரோட்டுச் சரளைக் குழியில் திறந்தது. நம் சரித்திரம் முழுக்கச் சரளை லாரி காப்பாற்றியது பாதி, சரளை லாரி அள்ளிப்போனது பாதி. அதே பல்லாவரத்துக் குன்றில் 1880களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல கால் பேழை ஒன்றைக் கண்டெடுத்தார். அது இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏரி வியூவில் கிடந்தவரைப் பாந்தியன் சாலைக்கு மாற்றியாயிற்று. பேர் லாஷேஸுக்குப் போன மோலியேருக்கும் இவருக்கும் ஒன்றில் ஒற்றுமை, இருவரையும் யாரும் கேட்கவில்லை.

சும்மா கிடந்த அந்த மேட்டுக்குக் கடைசியாக வந்த வேன் சிப்காட்டுடையது. 1971இல் தொடங்கிய அரசுத் தொழிற்பேட்டை நிறுவனம். அவர்களும் பார்த்தது அதே பட்டியல்தான். தண்ணீர் தேங்காத மேடு, கெட்டித் தரை, ஏட்டில் தரிசு. எல்லாமே தரிசு என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும், நல்ல நஞ்சையும் தோப்பும் சேர்ந்துதான் போயின. 1998இல் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. இரும்பைப் பக்கத்தில் வைத்துப் படுத்திருந்தவர்களின் தலைக்கு மேல் இரும்பை வெட்டும் சத்தம் மூன்று ஷிப்டிலும் கேட்க ஆரம்பித்தது. தூத்துக்குடிப் பக்கத்துச் சிவகளைத் தாழிகளில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமை என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அன்றைக்கு ஒரகடம் டீக்கடையில் ஒரு ஃபிட்டர் சொன்னார்: "அப்ப நமக்கு சீனியாரிட்டி எங்கயோ போகுதே, சம்பளம் மட்டும் ஏன் கான்ட்ராக்ட்?"

தொழிற்சாலைகளுக்கும் சாவு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் ஐடி கார்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்தப் பெட்டிகளும் ஒருவகையில் தாழிதான். சில வருஷம் கழித்துச் சால்காம்ப் என்ற கம்பெனி அதே இடத்தை வாங்கி சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. இங்கே இடம் வீணாவதில்லை.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் மத்தியத் தொல்லியல் துறை ஒரு மேட்டைத் தோண்டியது. கற்காலக் கருவிகள், ரோமாபுரி ஜாடித் துண்டுகள், குட்டித் தங்க நகைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. ஏற்றுமதி இறக்குமதிக்கு ஏற்ற இடம் என்று முதலீட்டாளர் மாநாட்டில் சொல்கிறார்களே, அது பொய்யில்லை. ரோம் நாட்டு ஜாடி இங்கே வந்தபோது துறைமுகச் சாலை இல்லை, அவ்வளவுதான்.

இப்போது சட்டம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமென்றால் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். சேதப்படுத்தினால் இரண்டாண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம் வரை போகலாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துக் கல்வட்டங்கள் பலவற்றுக்கு நீலப் பலகை உண்டு. பலகை இல்லாததற்கோ ஒரு பொக்லைனும் ஒரு ராத்திரியும் போதும்.

பலகைக்குப் பக்கத்திலேயே ஊரின் இன்றைய இடுகாடும் இருக்கும், பெரும்பாலும் அதே மேட்டில். பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு. ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. முதலாவதற்குத் தார் ரோடு, இரண்டாவதற்கு வயல் வரப்பு. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற படம் வருஷம் தவறாமல் பேப்பரில் வரும். மூவாயிரம் வருஷ நாகரிகத்துக்குப் பெருமைப்படுவதற்கு முன் அந்தப் படத்தையும் கல்வட்டத்தோடு சேர்த்து மாட்டி வைக்கலாம். வட்டத்துக்குள் ஒருவர், வட்டத்துக்கு வெளியே நூறு பேர் என்ற கணக்கு அப்படியே இருக்கிறதே, அதுதான் நாம் உண்மையில் காப்பாற்றிவந்த தொல்பொருள்.

இந்த வட்டாரத்திலேயே பாடமாக வேறொரு தோட்டமும் உண்டு. மவுண்ட்–பூந்தமல்லி சாலையில், நந்தம்பாக்கத்தில், 1952இல் அமைந்த போர்வீரர் கல்லறை. 856 பேர். ஒரே அளவுக் கல், ஒட்ட வெட்டின புல், வரிசை பிசகாத செடி. தளபதியும் சிப்பாயும் ஒரே உயரக் கல்லின் கீழ். அங்கே யாருக்கும் கார்னர் பிளாட் இல்லை. உயிரோடிருந்தபோது இல்லாத சமத்துவத்தைச் செத்தபிறகாவது கொடுத்த ஒரே லேஅவுட் நான் பார்த்ததில் அதுதான்.

பிரியாணி வந்தது. நிழல் என்று சொல்ல அந்த நுணா மரம் ஒன்றுதான். ஆகையால் மனை வாங்க வந்த குடும்பங்கள் அனைத்தும் கல்வட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டன. குழந்தைகள் பாறைக்குப் பாறை தாவின. ஒரு அம்மா குவியல் கல்லில் சாய்ந்து, "நல்லா காத்து வருதுங்க, இந்தப் பக்கமே பார்க்கலாமே" என்றார். மவுண்ட் ஆபர்ன் கெட்டது போங்கள்.

தம்பி என்னிடம் வந்தார். "டோக்கன் அட்வான்ஸ் போட்டுடலாமா சார்? இந்த மூலை மனை நாளைக்கு இருக்காது."

"அந்த வட்டத்துக்கு யார் பேர்ல பட்டா?"

அவர் சிரித்தார். "அதான் சொன்னேனே சார், சும்மா கல்லு."

வேன் கிளம்பும் நேரம். எல்லோரும் ஏறியாயிற்று, டிரைவரைக் காணோம். வட்டத்துக்குள் நின்றிருந்தார். தன் பொட்டலத்திலிருந்து ஒரு முட்டையும் கொஞ்சம் சோறும் எடுத்து, குவியலின் மேல் கல்லில் வைத்து, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ஸ்டீரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார்.

"யாருண்ணே அங்க?" என்று கேட்டேன்.

"யாருன்னு தெரிலயே சார். நீங்கள்லாம் ஒருநாள் வந்து பாத்துட்டுப் பூடுவீங்க. நான் வாரா வாரம் அவரு வாசல்ல வண்டி நிறுத்தணுமில்ல?"

ஒரு சின்ன ஹாரன் கொடுத்து, வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். மஞ்சள் கற்கள் இரண்டு மூன்று டயருக்கு அடியில் சாய்ந்தன. உருண்டைக் கல் ஒன்றில்கூட உரசவில்லை.